வெளிறிய கூறையும் பெரிய நிறவெளியும்

கலியாணப் படம் எடுக்கிற பிள்ளைகளே, உங்களில் அரைவாசிப் பேர் கமராவில் நிறவெளியைப் பெரிதில் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால், "பெரிசு நல்லதுதானே அன்ரி" என்பீர்கள். திருகோணமலையில் இப்போது மண்டபம் பெரிது, கேக் பெரிது, மாப்பிள்ளையின் தலைப்பாகை மாப்பிள்ளையைவிடப் பெரிது. நிறவெளி மட்டும் ஏன் சின்னதாக இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பதில் வியப்பில்லை. என் மனுசனும் அப்படித்தான் நினைத்தார். அதனால் ஒரு கலியாணம், தாலி கட்டி நாலாம் நாள் இரண்டு வீட்டாரும் கூடுகிற நாலாம் சடங்குக்கு முன்னமே முறியப் பார்த்தது. கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கிற எனக்கு இனி எவர் முகத்துக்கும் பயமில்லை, ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம், தெரியும் என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து வாசியுங்கள். நிறவெளி, அதாவது கலர் ஸ்பேஸ், என்பது கமரா கையில் வைத்திருக்கிற வர்ணப் பெட்டி. சின்னப் பெட்டியில் இருக்கிற நிறங்களை எல்லாத் தொலைபேசியும் எல்லா அச்சுக்கடையும் அறியும். பெரிய பெட்டியில் அதைவிடக் கூடுதலான பச்சையும் சிவப்பும் இருக்கும். ஆனால் அதில் எடுத்த படத்தோடு ஒரு குறிப்பு ஒட்டிக்கொண்டு போகும், "நான் பெரிய பெட்டி, என்னை அப்படிப் பார்" என்று. அந்தக் குறிப்பு கழன்றுவிட்டால் பார்க்கிற தொலைபேசி அதைச் சின்னப் பெட்டி என்றே எடுத்துக்கொள்ளும். சிவப்பு சோரும், பச்சை காயும், முகம் காய்ச்சலில் கிடந்து எழும்பியதுபோல இருக்கும். குடும்பக் குரூப்பில் படம் போடும்போது முதலில் கழன்று விழுவது அந்தக் குறிப்புத்தான்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மனுசன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் நடந்த பயிற்சிப் பட்டறைக்குப் போய்விட்டு வந்தார் என்பது மட்டும்தான். போகும்போது போட்டோக்காரராகப் போனவர், வரும்போது சாமியாராக வந்தார். கையில் தங்கக் கரை போட்ட சான்றிதழ், தோளில் இலவசப் பை. குசினிக்குள் வந்து நின்று, "நாங்கள் இவ்வளவு காலமும் குருடராய் இருந்திருக்கிறம் அப்பா" என்றார். நான் அப்போது மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். "குருடர் எடுத்த படத்துக்கே சனம் வந்து வாசலில நிக்குது, இனிக் கண்ணும் தெரிஞ்சால் என்ன செய்யிறது?" என்றேன். அவருக்குப் பகிடி பிடிக்கவில்லை. அன்றே கமராவைப் பெரிய நிறவெளிக்கு மாற்றினார். அந்த வெளியைக் காட்டக்கூடிய ஒரு புதுத் திரையும் கடைக்கு வந்தது. அதற்கு வெயில் படக்கூடாது என்று யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார். அதற்குப் பிறகு பகலிலும் எங்கள் கடைக்குள் வருகிறவர்கள் கதிரையில் முழங்காலை இடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

எங்கள் கடை துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருந்தது. மணவறையில் நின்று எடுப்பது அவர். பெண் உடுப்பு மாற்றுகிற அறையில் எடுப்பது நான். மூதூர், கிண்ணியா என்று முஸ்லிம் வீட்டுக் கலியாணங்களில் பெண்கள் பகுதிக்குள் நான்தான் போவேன், அவர் வெளியில் மாப்பிள்ளையின் கூட்டாளிமாரைக் கறுப்புக் கண்ணாடியோடு எடுத்துக்கொண்டு நிற்பார். கலியாண அல்பமும் வாடிக்கையாளரின் சண்டையும் என் பொறுப்பு. படம் எடுக்கிறவர் ஒருநாளும் சண்டைக்குப் பொறுப்பெடுப்பதில்லை, கலியாணம் கட்டிய பிறகு நீங்களும் இதைக் காண்பீர்கள்.

புதுத் திரை வந்த பிறகு நாங்கள் எடுத்த முதல் பெரிய கலியாணம் தர்சினியினுடையது. பெண், சல்லிக் கிராமத்தில் கடற்தொழில் செய்கிற வீடு. மாப்பிள்ளை வீடு திருகோணமலை ரவுணுக்குள், தகப்பன் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தர்சினியின் அண்ணன் கனடாவில். அங்கே வதிவிடப் பேப்பர் இன்னும் சரிவராததால் அவனால் வர முடியவில்லை. வர முடியாத அண்ணன்மாரை உங்களுக்குத் தெரியும். வந்தவர்கள் எல்லாரும் சோறு தின்றுவிட்டுப் போய்விடுவார்கள், வராதவன்தான் கலியாணத்தை நடத்துவான். பந்தல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது முதல் தங்கள் அக்காவின் சின்ன மகள் பூத்தட்டு ஏந்தும்போது என்ன உடுக்க வேண்டும் என்பது வரை அவன் தொலைபேசியில் சொன்னான். அந்தச் சின்னப்பிள்ளையின் பாவாடை சட்டையை அவனே கடை கடையாக ஏறித் தெரிவுசெய்து வாங்கி அனுப்பியிருந்தான். நல்ல கிளிப்பச்சை. கலியாணத்துக்கு முன்னம் என்னோடு கதைத்த நேரமெல்லாம், "அன்ரி, அந்தப் பச்சை வடிவா விழோணும்" என்றான்.

தாலி கட்டும்போது பெண் உடுக்கிற கூறைச் சேலை மட்டும் அவன் கையில் இல்லை. எங்கள் வழக்கத்தில் கூறை மாப்பிள்ளை வீட்டார் வாங்குவது. மாப்பிள்ளையின் தாய் அதில் மிகவும் நியாயமான மனுசி. மூத்த மருமகளுக்கு வாங்கிய அதே கடையில், அதே பச்சைக் கரை போட்ட சிவப்பில், இந்த மருமகளுக்கும் ஒன்று வாங்கினார். ஒருத்திக்குக் கூட, ஒருத்திக்குக் குறைய என்று பின்னால் கதை வரக்கூடாது என்று நினைத்திருக்கிறார். உலகத்தில் நியாயமாக நடக்கிறவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் வரும்.

கலியாணம் நன்றாக முடிந்தது. அடுத்த நாள் படங்களைப் புதுத் திரையில் பார்த்தபோது, பொய் சொல்லக்கூடாது, நானும் வாயைப் பிளந்தேன். கூறை நெருப்பாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் தேத்தண்ணி போடப் போனேன். கொஞ்சப் படங்களை அவர் உடனே இரண்டு வீட்டாரும் இருந்த குடும்பக் குரூப்பில் போட்டார். கனடாவில் இருந்து ஒரு இதயக் குறியாவது வரும் என்று தொலைபேசியை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு இருந்தார். ஒன்றும் வரவில்லை.

வந்தது மாப்பிள்ளையின் தாய். ஓட்டோவில் வந்து இறங்கினார். பின்னால் மகன், அவனுக்குப் பின்னால் தர்சினி. மூன்று பேரும் வரிசையாகக் கதிரையில் முழங்காலை இடித்துக்கொண்டு இருந்தார்கள். தாய் தொலைபேசியை என் முன்னால் வைத்தார்.

"தங்கச்சி, நான் சண்டைக்கு வரேல்லை. ஒரு கேள்விதான். இது நான் வாங்கின கூறையோ?"

பார்த்தேன். தாலி கட்டிய கையோடு எடுத்த படம். அதில் கூறை பல வருசம் கழுவிக் காயப்போட்டுக் கட்டிய சேலைபோல இருந்தது. கரையில் பச்சை எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். கனடா அண்ணன் இந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான். பிறகு மூத்த மருமகளின் கலியாணப் படத்தை எங்கோ தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறான். ஒரே கரை, ஒரே பூ. அங்கே பளிச்சென்று சிவப்பு, இங்கே வெளிறல். மூத்தவள் கட்டின கூறையைத்தான் தன் தங்கச்சிக்குக் கட்டக் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டான். இன்னொருத்தி தாலிக்குக் கட்டின கூறையைப் புதுப்பெண்ணுக்குக் கொடுப்பது எங்கள் சனத்தில் எப்பேர்ப்பட்ட அவமானம் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளை வீட்டார் மன்னிப்புக் கேட்காவிட்டால் நாலாம் சடங்குக்குச் சல்லியிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள், தங்கச்சி வீட்டுக்குத் திரும்பி வரட்டும் என்று சொல்லிவிட்டான்.

"மூத்த மருமகளிட்டக் கேட்டிருக்கலாமே" என்றேன்.

"அவ லண்டனில. கூறையும் லண்டனில, அவவின்ர அலுமாரிக்குள்ள. போன் எடுத்துச் சொன்னவ. அதுக்கு அவன், அவவும் உங்கட வீட்டு ஆள்தானே, அப்பிடித்தான் சொல்லுவா எண்டுறான்."

"இவவின்ர கூறையை வீடியோவில காட்டியிருக்கலாம்."

"காட்டினனாங்கள். ரியூப் லைற் வெளிச்சத்தில அது செம்மஞ்சளாத் தெரிஞ்சுதாம். இது மூண்டாவது சேலை, இதை எப்ப வாங்கினீங்கள் எண்டு கேட்டான்."

என் மனுசன் அப்போதும் உற்சாகமாகத்தான் இருந்தார். "இஞ்ச வாங்கோ அம்மா, இதில பாருங்கோ" என்று தாயைப் புதுத் திரைக்கு முன்னால் இருத்தினார். கூறை அதில் நெருப்பாக எரிந்தது. அந்த மனுசிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுதான். இதுதான் நான் வாங்கினது. அப்ப கனடாவுக்கு வேற படத்தையோ அனுப்பினீர்?"

"அதே படம்தான் அம்மா. இந்தத் திரையில பாத்தாத்தான் சரியான நிறம் தெரியும்."

"அப்ப அவனை இஞ்ச வந்து இதில பாக்கச் சொல்லுறீரோ?"

அவர் சுவரில் தொங்கிய சான்றிதழைப் பார்த்தார். பட்டறையில் இதற்குப் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தச் சிவப்பைக் காட்டக்கூடிய ஒரே திரை எங்கள் கடையில் கறுப்புத் துணிக்குப் பின்னால் இருந்தது. அதைப் பார்க்க வேண்டியவன் கடலுக்கு அப்பால் இருந்தான்.

அவர் என்னைப் பின் அறைக்கு இழுத்தார். அதற்குள் அவருக்கு விசயம் விளங்கிவிட்டது. குறிப்புக் கழன்றிருக்கும், மாற்றாமல் அனுப்பியிருக்கக்கூடாது என்று தானே சொன்னார். சொல்லிவிட்டு, "அவனின்ர போன் பிழை எண்டு சொல்லுவம் அப்பா. எங்கட பிழையெண்டு தெரிஞ்சால் கடைப்பேர் போயிடும். இந்த ஊரில கதை பரவ எவ்வளவு நேரம்?" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று வாசியுங்கள், பிள்ளைகளே. அவர் சொன்னது முழுப் பொய்யில்லை. தொலைபேசியும் ஒரு வகையில் பிழைதான். அப்படிச் சொல்லியிருந்தால் எங்கள் சான்றிதழ் சுவரில் அப்படியே இருந்திருக்கும். நான் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். தர்சினி கதிரையின் நுனியில் இருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் மடித்த உடுப்புகள் தெரிந்தன. அண்ணன் வா என்கிறான், மாமியார் போகாதே என்று சொல்லவில்லை. படம் பார்க்க வந்த பிள்ளை உடுப்போடு வந்திருந்தது. "கடைப்பேர் போனால் இன்னொரு பேர் வைப்பம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு வெளியில் வந்தேன்.

தர்சினியின் தொலைபேசியில் அண்ணனை எடுக்கச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டேன். கமராவைப் பெரிய நிறவெளியில் வைத்தது நாங்கள், மாற்றாமல் அனுப்பியது நாங்கள், கூறை வெளிறியது எங்கள் பிழையால், கூறை புதுசு, உங்கள் தங்கச்சிக்கு ஒரு குறையும் நடக்கவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஒருவர் தன் வாயால் தன் பிழையை ஒத்துக்கொண்டால் உலகம் நம்பும் என்று நினைக்கிற வயது எனக்கு அப்போதும் தாண்டவில்லை.

"அன்ரி," என்றான் அவன், மிகவும் மரியாதையாக. "அவையள் உங்களை இப்பிடிச் சொல்லச் சொன்னவையோ?"

"தம்பி, நிறத்தைச் சரியாக்கி இப்பவே அனுப்புறன், பாருங்கோ."

என் மனுசன் படத்தைச் சின்ன வெளிக்கு மாற்றி அனுப்பினார். தாயின் தொலைபேசியில் பார்த்தோம். சிவப்பு சிவப்பாக இருந்தது. கரையில் பச்சை வந்து நின்றது. தாய் பெருமூச்சு விட்டார். கனடாவில் அவன் அதையும் பெரிதாக்கிப் பார்த்திருப்பான்.

"இது எடிட் பண்ணினது அன்ரி. முதல் வந்ததுதானே ஒறிஜினல்."

பிழையான படம் முந்திப் போய்விட்டதால் அது ஒறிஜினலாகிவிட்டது. சரியான படம் பிந்திப் போனதால் அது பொய்யாகிவிட்டது. இதை நான் எந்தப் பட்டறையிலும் படிக்கவில்லை, நீங்களும் படிக்கமாட்டீர்கள், அதனால் எழுதி வைக்கிறேன். பிழையை முந்தி அனுப்பிவிட்டால் திருத்தத்தை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ரவுணுக்குள் மாடுபோலத் திரிகிற மான்களில் ஒன்று வாசலில் வந்து தலையை நீட்டி, நாங்கள் சோடனைக்கு வைத்திருந்த பூச்சாடியிலிருந்த பூவைத் தின்னத் தொடங்கியது. மாப்பிள்ளை எழும்பிப் போய் அதைக் கலைத்துவிட்டு வந்து திரும்பவும் இருந்தான். அன்று முழுதும் அவன் செய்த ஒரே வேலை அதுதான்.

தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "போதும் தங்கச்சி. எனக்கும் மானம் இருக்கு. நான் கடை விரிச்சு விரிச்சுச் சேலை காட்ட ஏலாது. போறதெண்டால் பிள்ளை போகட்டும்." தர்சினி பையின் கைபிடியைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தாள். அந்தக் கடைக்குள் எல்லாரும் அவளுக்காகத்தான் கதைத்துக்கொண்டிருந்தோம், அவள் மட்டும் கதைக்கவில்லை.

எனக்கு மூளை கொஞ்சம் பிந்தித்தான் வேலை செய்யும், ஆனால் செய்யும். இவன் கூறையை நேரில் கண்டதில்லை. கண்டிராத ஒரு பொருளின் நிறத்தை எப்படி நிரூபிப்பது? நடக்காது. அவன் கண்ட, அவன் கைபட்ட ஏதாவது அதே படத்தில் இருக்க வேண்டும்.

"தம்பி, நான் திருத்தினதை விடுங்கோ. நீங்கள் ஒறிஜினல் எண்டு சொல்லுற படத்தையே எடுங்கோ. அதில இருக்கிற சாமான்களில ஏதாவது ஒண்டின்ர நிறம் உங்களுக்கு நேரில தெரியுமோ?"

"நான் அங்க நிக்கேல்லையே அன்ரி. எனக்கு எப்பிடித் தெரியும்?"

அப்போதுதான் தர்சினி வாய் திறந்தாள். தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அண்ணா, அதில அக்காவின்ர மகள் பூத்தட்டோட நிக்கிறாள். பாத்தனீங்களோ?"

"எங்க?"

"எனக்குப் பக்கத்தில. நீங்கள் கூறையைப் பெரிசாக்கினதில அவள் வெளியில போயிருப்பாள். சின்னனாக்கிப் பாருங்கோ."

பார்த்திருக்கிறான். நாங்களும் தாயின் தொலைபேசியில் பழைய படத்தை எடுத்துப் பார்த்தோம். கடை கடையாக ஏறி வாங்கிய கிளிப்பச்சை, காய்ந்த வேப்பிலை நிறத்தில் நின்றது.

"நீங்கள் அனுப்பினது புதுசோ பழசோ, அண்ணா?" என்று தர்சினி கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"புதுசு," என்றான் அவன். "நான்தானே வாங்கினனான்."

"அப்ப கூறையும் புதுசு. மாமி வாங்கினவ."

அவ்வளவுதான். கனடாவில் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. பிறகு, "மாமி நிக்கிறாவோ? போனைக் குடு" என்றான். தாய் தொலைபேசியை வாங்கிக்கொண்டு கறுப்புத் துணி கட்டிய யன்னல் பக்கம் போனார். அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. தாய் சொன்னது கேட்டது. "பரவாயில்லை தம்பி. நீரும் ஒரு தங்கச்சிக்காகத்தானே." திரும்பி வந்தவர் தர்சினியின் மடியிலிருந்த பையைத் தானே தூக்கிக்கொண்டார். மூவரும் ஓட்டோவில் போனார்கள். நாலாம் சடங்கு நடந்தது. சல்லியிலிருந்து மீனும் நண்டுமாக ஒரு வான் நிறையச் சனம் வந்தது என்று கேள்விப்பட்டேன். எங்களைக் கூப்பிடவில்லை.

என் மனுசன் அன்றே கமராவைச் சின்ன வெளிக்கு மாற்றினார், கறுப்புத் துணியையும் அவிழ்த்தார். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். உங்களுக்கென்று மூலப்படத்தை எவ்வளவு பெரிதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைவிட்டு வெளியே போகிற படம் சின்ன வெளியில் போகட்டும். படத்தை நீங்கள் பார்க்கிற திரையில் ஒருவரும் பார்க்கப்போவதில்லை. கண்ணாடி வெடித்த தொலைபேசியில், பஸ்ஸுக்குள், வெயிலில், கோபத்தில் பார்ப்பார்கள்.

அல்பத்துக்கு வந்தபோது இன்னொரு கூத்து. மாப்பிள்ளையின் தாய் என் காதுக்குள், "சிவப்பைக் கொஞ்சம் கூட்டிப் போடும் தங்கச்சி, இனி ஒருத்தரும் கதைக்கக்கூடாது" என்றார். கனடாவிலிருந்து செய்தி வந்தது, "அன்ரி, அந்தப் பச்சையைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ." உண்மைக்காக உயிரை விட்ட இரண்டு பேரும் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார்கள். கூட்டிக் கொடுத்தோம். அந்த அல்பத்தில் இருக்கிற சிவப்பை நெய்யக்கூடிய தறி இன்னும் பிறக்கவில்லை.

தர்சினி மட்டும் தனியாக வந்தாள். தாலி கட்டிய கையோடு எடுத்த அந்தப் படத்தைப் பழைய வெளிறலோடேயே பெரிதாக அச்சடித்துத் தரச் சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. "ஏன் பிள்ளை, சண்டை வந்த படமெல்லோ?" என்றேன்.

"ஓம் அன்ரி. ரெண்டு வீட்டிலயும் எல்லாரும் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாத்த படம் இதுதான். இதில நான் அழுதுகொண்டு நிக்கிறன். ஒருத்தரும் ஏன் அழுதனி எண்டு கேக்கேல்லை."

என் மனுசன் படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார். நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். ஓம், பிள்ளை அழுதுகொண்டுதான் நின்றது. அவர் அச்சடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

பிறகு ஒருமுறை அவளின் குழந்தையைப் படம் எடுக்க அந்த வீட்டுக்குப் போனேன். அந்தப் படம் விறாந்தையில், அவள் தொலைபேசி கதைக்கிற கதிரைக்குப் பின்னால் மாட்டியிருந்தது. நான் நிற்கும்போதே கனடாவிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அவள் அந்தக் கதிரையில் போய் இருந்தாள். திரையில் அவளுக்கு மேலே, அழுத முகத்தோடு அந்த வெளிறிய படமும் விழுந்தது.

"என்ன தங்கச்சி," என்றான் அண்ணன், குழந்தையைப் பற்றிக்கூட இன்னும் கேட்கவில்லை. "முகம் வாடிக் கிடக்கு. சாப்பிட்டனியோ?"